சிறுவரும் கருத்துநிலையும்: மூன்று கதைகளை முன்வைத்து ஒரு நோக்கு

1

தமிழில் இலக்கிய விமரிசனம் சமூகவியற் பார்வையைக் கைக்கொண்ட காலந்தொட்டுப் பெருவழக்கிற்கு வந்த சொற்களுள் ‘கருத்துநிலை’ என்பதும் ஒன்று. ‘கருத்தியல்’ என்றும் இது வழங்கப்படுவதுண்டு. கவிதையின் கருத்துநிலை, நாவலின் கருத்துநிலை, ஆளும் வர்க்கத்தின் கருத்துநிலை என்றவாறு இச்சொல் கருத்தரங்குகளிலும் ஆய்வேடுகளிலும் தாராளமாகக் கையாளப்படுகின்றது. ஆயின் அதனைக் கையாள்வோருள் எத்துணைப்பேர் ஒன்பது வயதுப் பிள்ளையொன்றுக்கு அது விளங்கும்வண்ணம் எடுத்துரைக்க வல்லர் என்று வினவின், கிடைக்கக்கூடிய விடை மகிழ்ச்சி தருவதாக இராது. கலைச்சொல்லானது சில வேளைகளிற் சிந்தனைக்குத் துணைநிற்பதற்குப் பதிலாக, சிந்திக்கவேண்டிய தேவையிலிருந்தே சொல்பவரை விடுவித்துவிடுகின்றது. ஒரு கருத்தைச் சிறுவருக்கு விளக்க முற்படுதல் அதனை எளிமைப்படுத்தும் முயற்சி மாத்திரமன்று. விளக்குபவருக்கு அது உண்மையில் விளங்கியுள்ளதா என்பதைக் காட்டும் உரைகல்லுமாகும்.

இச்சொல்லின் வரலாறு சுவையானது. பிரெஞ்சுச் சிந்தனையாளரான டெஸ்ற்யூ த ட்ராசி 1796ஆம் ஆண்டில் இதனை ஆக்கியபோது, எண்ணங்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்று ஆராயும் ஒரு விஞ்ஞானத்தையே கருதினார். நெப்போலியன் தன் ஆட்சியை விமரிசித்த அறிஞரை இகழ்வதற்கு இச்சொல்லின் வழிவந்த பெயரொன்றைப் பயன்படுத்தினான். சொல்லுக்குப் பழிப்புப் பொருள் சேர்ந்தது அவ்வாறுதான். 1845, 1846ஆம் ஆண்டுகளில் மார்க்சும் ஏங்கெல்சும் எழுதி, அவர்கள் வாழ்நாளில் நூலாக வெளிவராது 1932இலேயே முழுமையாக அச்சேறிய ‘ஜேர்மன் கருத்துநிலை’ இக்கருத்தை வரலாற்றின் நடுவே நிறுத்தியது. அந்நூலின் முகவுரையில் ஒரு வேடிக்கை மனிதன் வருகின்றான். மனிதர் நீரில் மூழ்குவதற்குக் காரணம் பாரம் பற்றிய எண்ணம் அவர்களைப் பற்றிக்கொண்டிருப்பதே என்றும், அவ்வெண்ணத்தைத் தலையினின்று அகற்றிவிட்டால் எவரும் மூழ்கார் என்றும் அவன் நம்புகின்றான். கனதியான தத்துவ நூலொன்றின் வாயிலில் நிற்கும் இவ்வேடிக்கை ஒரு சிறுவர் கதையின் அளவுக்கே எளிமையானது. கேட்கும் பிள்ளை சிரிக்கும். சிரித்த மாத்திரத்திலேயே, எண்ணங்கள் உலகைத் தனித்துநின்று ஆள்வனவல்ல என்பதன் பாதியை அது விளங்கிக்கொண்டுவிடும்.

கருத்துநிலை என்பது இரு பொருளில் வழங்குகின்றது. ஒரு சமூகத்தில் நிலவும் அதிகார உறவுகளை இயற்கையானவையாகவும் மாற்றமுடியாதவையாகவும் எல்லோருக்கும் நன்மை பயப்பனவாகவும் தோன்றச்செய்யும் எண்ணங்களின் தொகுதி என்பது ஒரு பொருள். இங்கு அது ஒரு மறைப்பு. ஒவ்வொரு வர்க்கமும் குழுவும் தன் வாழ்நிலையினின்றும் உருவாக்கிக்கொள்ளும் உலகநோக்கு என்பது மற்றைய பொருள். இங்கு அது எவரும் தப்பமுடியாத ஒரு பார்வை நிலை. முதற்பொருளை மாத்திரம் பிள்ளைக்குக் கற்பிப்பவர், ‘அவர்கள் உன்னை ஏமாற்றுகிறார்கள்’ என்று கூறி நிறுத்திவிடுவார். இரண்டாம் பொருளையும் சேர்த்துக் கற்பிப்பவர், ‘நான் சொல்வதும் ஓரிடத்தில் நின்று சொல்லப்படுவதே’ என்று கூறவேண்டியவராகின்றார். இக்கட்டுரையின் அக்கறை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பற்றியதேயாகும்.

2

இத்தகைய விடயங்களைச் சிறுவரிடம் எடுத்துச்செல்லலாமா என்று ஐயுறுவாருமுளர். பிள்ளையுள்ளம் வெற்றுப் பலகை போன்றது, அதனில் அரசியலை எழுதுதல் ஆகாது என்பர். இவ்வாதம் ஒரு தவறான அனுமானத்தின் மீது நிற்கின்றது. பலகை ஒருபோதும் வெறுமையாக இருந்ததில்லை.

தமிழ்ப் பிள்ளையின் கல்வி எழுத்தோடு கூடவே ஒழுக்கத்தையும் ஊட்டுவதாகவே நெடுங்காலம் அமைந்திருந்தது. ஔவையாரின் ஆத்திசூடி அகரவரிசையையும் அறவரிசையையும் ஒன்றாக்கியது. 19ஆம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்தில், மிஷன் பாடசாலைகளுக்கு மாற்றாகச் சைவக் கல்வியை நிறுவ முனைந்த ஆறுமுக நாவலர் (1822–1879) பாலபாடங்களையும் சைவ வினாவிடையையும் எழுதினார். எதிரணியினரான கிறித்தவர் தம் மறைக்கல்வி நூல்களிற் பயன்படுத்திய வினாவிடை வடிவத்தையே அவரும் மேற்கொண்டமை குறிப்பிடத்தக்கது. இரு தரப்பினரும் கொள்கையில் மாறுபட்டனர். பிள்ளையை எங்கே இருத்துவது என்பதில் ஒன்றுபட்டனர். வினாவும் நூலுக்குரியது, விடையும் நூலுக்குரியது. பிள்ளைக்குரியது மனனம் ஒன்றே.

சமயமும் அறமும் சாராத, வெறும் பொழுதுபோக்கு எனக் கருதப்படும் வாசிப்பும் இதற்கு விலக்கன்று. சிலி நாட்டில் அலெந்தேயின் ஆட்சி நிலவிய 1971ஆம் ஆண்டில் ஆரியல் டோர்ஃப்மனும் ஆர்மண்ட் மற்றெலாரும் டொனால்ட் டக் சித்திரக்கதைகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டனர். அக்கதைகளின் உலகில் பெற்றோர் இல்லை. மாமன்மாரும் மருமக்களுமே உளர். உழைப்பும் உற்பத்தியும் இல்லை. தொலைதேசங்களில் எவருக்கும் உரிமையற்றதுபோற் கிடக்கும் புதையல்களே உள. அத்தேசங்களின் மக்களோ, தம் செல்வத்தின் பெறுமதியை அறியாத குழந்தைகளாகக் காட்டப்படுகின்றனர். வாத்தின் குறும்பில் எவ்விதத் தீங்கையும் காணாதோர் இவ்வாய்வைக் கண்டு நகைத்தனர். ஆயினும் 1973 செப்டெம்பரில் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவத்தினர் நகைக்கவில்லை, அந்நூலை அழித்தனர். சிறுவர் வாசிப்பு அற்ப விடயமன்று என்பதை விமரிசகரைக் காட்டிலும் அதிகாரம் நன்கு உணர்ந்திருந்தது.

எனவே, பிள்ளைக்குக் கருத்துநிலையைக் கொடுப்பதா, விடுவதா என்பது வினாவன்று. ஏற்கெனவே கொடுக்கப்பட்டுக்கொண்டிருப்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும் திறனை எவ்வாறு வளர்ப்பது என்பதே வினா. இவ்வினாவுக்கு வெவ்வேறு வகையில் விடையளிக்கும் மூன்று கதைகள் ஈண்டு நோக்கப்படுகின்றன.

3

முதலாவது, டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்ரியன் அன்டர்சன் (1805–1875) 1837இல் வெளியிட்ட ‘சக்கரவர்த்தியின் புத்தாடை’. உலகறிந்த கதை அது. பதவிக்குத் தகுதியற்றோருக்கும் மூடருக்கும் புலப்படாத துணியை நெய்வதாகக் கூறும் இரு எத்தர்; ஒன்றும் காணாதிருந்தும் கண்டதாகப் புகழும் அமைச்சர்; வெற்றுடம்போடு ஊர்வலம் செல்லும் அரசன்; அவன்மீது ஆடையே இல்லை என்று கூறிவிடும் ஒரு சிறுபிள்ளை.

கருத்துநிலையை விளக்குவதற்கு இதனிலும் சிறந்த கதை இல்லையென்றே முதற்பார்வையில் தோன்றும். இங்கு பொய்யைக் காத்துநிற்பது எத்தரின் திறமையன்று. ஒவ்வொருவனும் தன் பதவியை எண்ணி அஞ்சுகின்றான். ஏனையோர் அனைவரும் உண்மையிலேயே ஆடையைக் காண்பதாக எண்ணுகின்றான். எல்லோரும் அறிந்த ஒன்றை எவரும் அறியாததுபோல் நடந்துகொள்கின்றனர். தனித்தனி மனிதரின் மௌனங்கள் கூடிப் பொதுநம்பிக்கையின் தோற்றத்தைப் பெறுகின்றன. கருத்துநிலை தலைகளுக்குள் மாத்திரம் வாழ்வதன்று, சடங்குகளிலும் நடத்தைகளிலும் வாழ்வது என்னும் நுட்பமான உண்மை இங்கு ஓர் ஊர்வலத்தின் வடிவிற் காட்சியாகின்றது.

ஆயினும் இக்கதையின் முன்வடிவத்தை அறிந்தோர்க்கு ஒரு வேறுபாடு புலப்படும். ஸ்பானியப் பிரபுவான தொன் யுவான் மனுவேல் 1335ஆம் ஆண்டளவில் தொகுத்து முடித்த கதைநூலொன்றில் இது காணப்படுகின்றது. அதில், தன் தந்தையென உலகம் கொள்பவருக்கு உண்மையிற் பிறவாதவன் துணியைக் காணான் எனப்படுகின்றது. முறைப்படி பிறவாதவனுக்குத் தந்தையின் சொத்து இல்லை. ஆகவே ஆடை தெரியவில்லை என்று ஒப்புக்கொள்பவன் உடைமையை இழப்பான், அரசனாயின் நாட்டையே இழப்பான். அக்கதையில் உண்மையைக் கூறுபவன் சிறுபிள்ளையல்லன். அரசனின் குதிரையைப் பராமரிக்கும் கறுப்பின ஊழியன். சொத்தில்லாதவனாகையால், தன்னை யாருடைய மகனென்று உலகம் கொண்டாலும் இழப்பதற்கு அவனிடம் ஒன்றுமில்லை. ஆகவே அவனால் கண்டதைச் சொல்ல முடிகின்றது.

இம்மாற்றம் சிறியதன்று. பழைய கதையில் பார்வையைத் தீர்மானிப்பது வாழ்நிலை. உடைமையுள்ளோர் பொய்யைக் காண்கின்றனர்; உடைமையற்றவன் உண்மையைக் காண்கின்றான். அச்சுப்படிகளைத் திருத்தும் நிலையில் அன்டர்சன் பிள்ளையைக் கதைக்குட் கொணர்ந்தபோது, வாழ்நிலையின் இடத்தைக் களங்கமின்மை பிடித்துக்கொண்டது. உண்மையைக் காண்பதற்கு வறியவனாக இருத்தல் இனி வேண்டுவதில்லை. வயதிற் சிறியவனாக இருத்தலே போதும். கருத்துநிலைக்கு வெளியே ஒரு தூய இடம் உண்டு, பிள்ளை அங்கே வாழ்கின்றது என்னும் எண்ணம் பிறக்கின்றது. கருத்துநிலையை அம்பலப்படுத்தும் கதை, குழந்தைமை பற்றிய மற்றொரு கருத்துநிலையை இவ்வாறு நிலைநாட்டிவிடுகின்றது. உண்மையான பிள்ளைகளோ பெற்றோரின் அச்சங்களையும் வெறுப்புகளையும் சாதிப் பெயர்களையும் எழுத்தறியுமுன்னரே கற்றுவிடுகின்றனர். கிணற்றடியில் யார் நிற்கலாம், யாருக்கு எந்தக் குவளை என்பதை எந்தப் பாடநூலும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

எனினும் அன்டர்சனின் முடிவு அவருடைய பிள்ளையைக் காட்டிலும் ஆழமானது. பழைய கதையில் ஊழியனின் சொல் பரவியதும் அரசனும் ஏனையோரும் அச்சம் நீங்கி உண்மையை ஒப்புக்கொள்கின்றனர். அன்டர்சனிடத்தில் ஊரே கூவிய பின்னரும், மக்கள் சொல்வதே சரியென்று உள்ளூர உணர்ந்த பின்னரும், சக்கரவர்த்தி முன்னிலும் நிமிர்ந்து நடக்கின்றான். இல்லாத முந்தானையை ஏவலர் தாங்கிச் செல்கின்றனர். உண்மை வெளிப்பட்டதால் மாத்திரம் ஊர்வலம் நின்றுவிடுவதில்லை. கதையைச் சொல்லும் ஆசிரியர் பெரும்பாலும் பிள்ளையின் கூற்றோடு நிறுத்திவிடுகின்றார். நிறுத்தாமல், ‘அதன்பிறகு அரசன் ஏன் வீட்டுக்குப் போகவில்லை?’ என்று வகுப்பிற் கேட்பாராயின், கதையின் மிக முக்கியமான பாடம் அங்கிருந்தே தொடங்கும்.

4

இரண்டாவது கதையில் உண்மையைச் சொல்வது பிள்ளையன்று. பிள்ளை கேட்கின்றது. பேர்டோல்ட் பிரெக்ட் (1898–1956) படைத்த திரு. கொய்னர் என்னும் சிந்தனையாளரிடம், அவர் குடியிருக்கும் வீட்டுக்காரியின் சின்னமகள் ஒரு வினாவை எழுப்புகின்றாள்: சுறாமீன்கள் மனிதராக இருந்தால் சின்னமீன்களிடம் இன்னும் அன்பாக இருக்குமா? 1949இல் வெளிவந்த ‘நாட்காட்டிக் கதைகள்’ தொகுதியில் இடம்பெற்ற இச்சிறு உரையாடல் முழுவதும் அவ்வினாவுக்குக் கூறப்படும் விடையே.

நிச்சயமாக, என்கிறார் கொய்னர். சுறாக்கள் மனிதரானால் சின்னமீன்களுக்குக் கடலிற் பெரிய பெட்டிகள் கட்டிக்கொடுக்கும். உணவும் நல்ல நீரும் சுகாதாரமும் குறைவின்றி அளிக்கும். மனம் சோர்ந்த மீனைவிட மகிழ்ந்த மீன் சுவையானது என்பதால் விழாக்களும் எடுக்கும். பாடசாலைகள் இருக்கும், சுறாவின் வாய்க்குள் எவ்வாறு நீந்திச்செல்வது என்பது அங்கே பாடம். மகிழ்வோடு தன்னைத் தியாகம் செய்வதே சின்னமீனுக்கு அழகு என்பது ஒழுக்கக்கல்வி. சுறாவின் பற்களை வண்ணத்தில் தீட்டும் ஓவியமும், மீன்கள் மெய்மறந்து வாய்க்குட் செல்லும்வண்ணம் இசையும் இருக்கும். உண்மையான வாழ்வு சுறாவின் வயிற்றிலேதான் தொடங்குகின்றது என்று சமயம் போதிக்கும். சற்றுப் பெரிய மீன்களுக்குப் பதவி கிடைக்கும். அவை சிறியவற்றைத் தின்னலாம், ஒழுங்கையும் காக்கும். சுருங்கக்கூறின், கடலில் அப்பொழுதுதான் பண்பாடு என்று ஒன்று தோன்றும்.

கருத்துநிலையைப் பிள்ளைக்கு விளக்குதல் என்னும் பணியை நேர்நின்று ஏற்றுக்கொண்ட படைப்பு இது. கல்வி, கலை, சமயம், அரசு என்று பல்கலைக்கழக விரிவுரையில் தனித்தனியே பிரித்துக் கூறப்படும் நிறுவனங்கள் ஒரே கடலுக்குள் ஒன்றோடொன்று இணைந்து தொழிற்படுவதைப் பிள்ளை காண்கின்றது. விளக்கம் தருபவர் எங்கும் கண்டனச் சொற்களைப் பயன்படுத்துவதில்லை. சுறாவைப் புகழ்வதுபோன்ற அமைதியான குரலிலேயே யாவும் சொல்லப்படுகின்றன. இக்குரலுக்கும் சொல்லப்படும் பொருளுக்கும் இடையேயுள்ள பிளவைக் கண்டுகொள்ளும் பொறுப்பு கேட்பவளிடம் விடப்படுகின்றது. அவள் அதைக் கண்டுகொண்டாளா என்பதைப் பிரெக்ட் கூறவில்லை.

இக்கதையிலும் ஒரு சிக்கல் உண்டு. சுறாவும் சின்னமீனும் வெவ்வேறு இனங்கள். சுறா பிறப்பாலேயே சுறா. சின்னமீன் ஒருபோதும் சுறாவாகாது. சுரண்டுவோருக்கும் சுரண்டப்படுவோருக்கும் இடைப்பட்ட உறவை உயிரினங்களுக்கு இடைப்பட்ட வேறுபாடாக உருவகிக்கும்போது, வரலாற்றால் விளைந்தது இயற்கையால் விளைந்ததாகத் தோன்றும் அபாயம் எழுகின்றது. கருத்துநிலையின் இயல்பே இதுதான் என மேலே கூறப்பட்டது. இனப்பகைமை நிலவும் நாடொன்றில் இவ்வபாயம் கோட்பாட்டளவில் நின்றுவிடுவதில்லை. இக்கதையைக் கேட்கும் தமிழ்ப் பிள்ளை சுறாவுக்கு யாருடைய முகத்தைப் பொருத்தும்? சிங்களப் பிள்ளை யாருடைய முகத்தைப் பொருத்தும்? வர்க்கத்தை விளக்கப் புகுந்த உருவகம் இனத்தை நியாயப்படுத்தும் உருவகமாகத் திரிபடைவதற்கு ஒரு கணமே போதும்.

பிரெக்ட் இதனை உணராதவரல்லர். கதையின் கடுமையான பகுதி இவ்விடத்திலேயே வருகின்றது. சுறாக்கள் ஒன்றோடொன்று போரிடும். தத்தம் சின்னமீன்களைக் கொண்டே போரிடும். தமக்கும் மற்றச் சுறாவின் சின்னமீன்களுக்கும் பெரும் வேறுபாடுண்டு என்று அவற்றுக்குக் கற்பிக்கப்படும். மீன்கள் ஊமைகள்தாம், ஆயினும் அவை வெவ்வேறு மொழிகளில் மௌனமாயிருப்பதால் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ள முடியாது எனச் சொல்லப்படும். எதிரி மீன்களைக் கொன்ற மீனுக்குக் கடற்பாசியாலான பதக்கமும் வீரப்பட்டமும் கிடைக்கும்.

இலங்கை வாசகர் இப்பகுதியை எளிதிற் கடந்துசெல்ல இயலாது. தாய்மொழிவழிக் கல்வி இந்நாட்டின் எளிய மக்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. 1945இல் வந்த இலவசக் கல்வியோடு சேர்ந்து அது கிராமத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தது. அதே அமைப்பு சிங்களப் பிள்ளையையும் தமிழ்ப் பிள்ளையையும் வெவ்வேறு வகுப்பறைகளில் இருத்தி, ஒருவர் மௌனத்தை மற்றவர் அறியாதவாறு வளர்த்ததும் உண்மை. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிற் சிறுவர் கைகளிலும் ஆயுதம் கொடுக்கப்பட்டமை சர்வதேச அமைப்புகளால் ஆவணப்படுத்தப்பட்டுள்ளது. மகிழ்வோடு தியாகம் செய்தலே அழகு என்னும் ஒழுக்கப்பாடம் ஒரு தரப்பின் பாடசாலைக்கு மாத்திரம் உரியதாக இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களின் நியாயமான கோரிக்கையின் பெயராலும் அப்பாடம் நடத்தப்படலாம் என்பதே இக்கதை தமிழ் வாசகருக்கு நினைவூட்டவேண்டிய கசப்பான உண்மையாகும். பிறருடைய சுறாவை இனங்காணுதல் எளிது. தன் பெட்டியைக் கட்டித்தந்த சுறாவை இனங்காணுதலே கல்வி.

5

மூன்றாவது கதையிற் சுறாவும் இல்லை, சக்கரவர்த்தியும் இல்லை. இத்தாலியச் சிந்தனையாளரான அந்தோனியோ கிராம்ஷி 1926 நவம்பரில் முசோலினி அரசாற் கைது செய்யப்பட்டு, 1937இல் இறக்கும்வரை விடுதலையான வாழ்வை மீண்டும் அறியாதவர். அவருடைய மூத்த மகன் டேலியோ அப்பொழுது இரண்டு வயதுப் பிள்ளை. இளைய மகன் ஜுலியானோவை அவர் ஒருமுறைதானும் கண்டதில்லை. கருத்துநிலை, மேலாண்மை ஆகியவை பற்றிய இந்நூற்றாண்டு விவாதங்களுக்கும் ஆதாரமாகும் குறிப்பேடுகளைச் சிறையிலிருந்து எழுதிய அதே கை, 1931இல் மனைவி யூலியாவுக்கு எழுதிய கடிதமொன்றில் சார்டீனியத் தீவின் நாட்டார் கதையொன்றைப் பிள்ளைக்குச் சொல்லும்படி எழுதியனுப்பியது.

உறங்கும் பிள்ளைக்கென வைத்த பாலை எலியொன்று குடித்துவிடுகின்றது. பிள்ளை அழுகின்றது, தாயும் அழுகின்றாள். எலி மனம் நொந்து பால் தேடி ஆட்டிடம் ஓடுகின்றது. புல் கொடுத்தாற் பால் தருவேன் என்கிறது ஆடு. வயலிடம் போனால், நீரின்றி வரண்டு கிடக்கின்றது வயல். நீரூற்றிடம் போனால், போரிற் சிதைந்து கிடக்கின்றது ஊற்று. அதைச் செப்பனிடக் கொத்தன் வேண்டும். கொத்தனுக்குக் கல் வேண்டும். மலையிடம் போனால், இலாபத்துக்காக மரங்கள் வெட்டப்பட்டு மண் கரைந்து எலும்புந்தோலுமாய் நிற்கின்றது மலை. எலி நடந்தது முழுவதையும் கூறி, பிள்ளை வளர்ந்ததும் மரங்களை மீள நடுவான் என்று வாக்களிக்கின்றது. மலை கல் தருகின்றது, யாவும் கைகூடுகின்றன. பிள்ளை வளர்ந்து வாக்கை நிறைவேற்றுகின்றான்.

நீதிக்கதைகள் பெரும்பாலும் ‘எலி திருடியது, திருடுதல் தீது’ என்ற இடத்தில் முடிந்துவிடும். இக்கதை அவ்விடத்தில் தொடங்குகின்றது. ஒரு கிண்ணம் பாலின் இழப்புக்குப் பின்னே ஆடும், புல்லும், நீரும், போரும், இலாபமும் தொடர்ந்து வருகின்றன. வீட்டின் துன்பம் மலையின் வரலாற்றோடு இணைக்கப்படுகின்றது. கருத்துநிலை என்னும் சொல் எங்கும் தலைகாட்டவில்லை. அதன் முதுகெலும்பு முறிக்கப்படுகின்றது. கருத்துநிலை, ‘இது இப்படித்தான்’ என்னும் வாக்கியத்தில் வாழ்வது, ‘ஏன் இப்படி?’ என்னும் வினா தொடர்ந்து எழும்போது அது மூச்சிழக்கின்றது. பிள்ளைகளின் இயல்பான பேச்சே அவ்வினாதான் என்பதை வீட்டிலுள்ள பெரியோர் எவரும் அறிவர்.

இங்கு பகைவருக்கு முகம் இல்லை என்றொரு குறை கூறப்படலாம். மரங்களை வெட்டியவர் ஒரு சொல்லிற் கடந்துபோகின்றனர். அவர்களோடு எவரும் மோதுவதில்லை. வாக்குறுதி ஒன்றாலேயே மலை இரங்கிவிடுகின்றது. இக்குறையில் நியாயமுண்டு. எனினும் சிறை அதிகாரிகளின் கண்பட்டே வெளியேறவேண்டிய கடிதம் அது என்பதும் நோக்கத்தக்கது. அதற்கு மேலாக, முகமற்றிருப்பதே இக்கதைக்கு ஒரு வலிமையாகவும் அமைகின்றது. சுறாவுக்கு முகம் பொருத்தலாம். காரணத் தொடருக்கு ஓர் இனத்தின் முகத்தைப் பொருத்துதல் எளிதன்று. திருடனாகத் தொடங்கிய எலியே தேடுவோனாக மாறுகின்றது என்பதும் பிறப்பால் எவரும் பகைவரல்லர் என்பதை உணர்த்துகின்றது.

6

இம்மூன்றோடும் ஒப்பிட்டுத் தமிழ்ச் சிறுவர் இலக்கியத்தை நோக்கின், அதன் பிரதான குறை உள்ளடக்கத்தைக் காட்டிலும் வடிவத்திலேயே இருப்பது தெளிவாகும். பாரதி (1882–1921) புதிய ஆத்திசூடி பாடியபோது உள்ளடக்கத்தில் நிகழ்ந்தது ஒரு புரட்சி. ஔவை அறத்தை விரும்புவதில் தொடங்க, பாரதி அச்சத்தைக் களைவதில் தொடங்கினான். அடங்கி நடக்கும் பிள்ளையின் இடத்தில் நிமிர்ந்து நிற்கும் பிள்ளை வந்தது. ஆனால் ஏவல் வினை மாறவில்லை. அஞ்சாதே என்பதும் கட்டளையே. பின்வந்த முற்போக்குச் சிறுவர் கதைகள் பலவும் இந்நிலையைத் தாண்டவில்லை. ஏழை நல்லவன், முதலாளி கெட்டவன், ஒன்றுபட்டால் வெற்றி என்னும் முடிவைப் பிள்ளை கதையின் முதல் வரியிலேயே அறிந்துவிடுகின்றது. பழைய வினாவிடையின் விடை மாத்திரம் மாற்றப்பட்டுள்ளது. மனனம் செய்யும் பிள்ளை அங்கேயே இருக்கின்றது.

இதற்கு மாறானதொரு வித்து ஈழத்துச் சிறுவர் பாடல் மரபிலேயே உண்டு. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) கத்தரித் தோட்டத்தின் நடுவே நிற்கும் வெருளியைக் கூலியும் வாங்காது காவல்புரியும் சேவகனாக விளித்துப் பாடினார். யாழ்ப்பாணத்துத் தோட்டத்திற் பிள்ளை தினமும் காணும் பொருளைப் புதிதாகப் பார்க்கவைப்பது அப்பாடலின் பண்பு. புலவர் அதற்குமேற் செல்ல எண்ணியிருக்கவேண்டும் என்று வற்புறுத்துதல் அவர்மீது பிற்காலக் கோட்பாட்டைச் சுமத்துவதாகும். ஆயினும் அவ்வெருளியை வைத்துக்கொண்டு ஆசிரியர் ஒருவர் தொடர்ந்து வினவலாம். தோட்டம் யாருடையது? வெருளி யாருக்காக நிற்கின்றது? வைக்கோலும் பழஞ்சட்டையுமான ஒன்றுக்குப் பறவை ஏன் அஞ்சுகின்றது? ஒரு பறவை துணிந்து அதன் தலையில் அமர்ந்தால் ஏனைய பறவைகள் என்ன எண்ணும்? இந்த நான்கு வினாக்களில் உடைமை, அதிகாரம், நம்பிக்கை, எதிர்ப்பு ஆகிய நான்கும் அடங்கிவிடுகின்றன. ஐந்தாவது வினா ஒன்றும் உண்டு: வெருளி நல்லது, அது இல்லாவிடில் தோட்டமே அழிந்துவிடும் என்று பறவைகளே பாடத் தொடங்கினால் அது எப்படி நிகழ்ந்தது? கருத்துநிலையின் முழு ஆழமும் இவ்வினாவிலேதான் உள்ளது.

இவ்வினாக்களுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே விடையைக் கூறமாட்டார்கள். கமக்காரனின் மகன் வெருளியின் பக்கம் நிற்கக்கூடும். அவன் வீட்டு அடுப்பு அக்கத்தரியால் எரிவது. மலையகத்து லயன் அறையிலிருந்து வரும் சிறுமி, தோட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் கத்தரிச் செடியையன்றித் தேயிலைச் செடியை நினைப்பாள். காவலன் என்றதும் அவளுக்கு நினைவில் வருவது வைக்கோற் பொம்மையாக இராது. ஒரே சொல் இருவருக்கு இருவேறு உலகங்களைத் திறப்பதை வகுப்பு காணும்போது, பார்வையை வாழ்நிலை வடிவமைக்கின்றது என்பதை எவரும் சொல்லாமலே பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வர். பழைய ஸ்பானியக் கதையின் ஊழியன் கூறிய உண்மையும் அதுவே.

7

மூன்று கதைகளும் மூன்று பாடங்களைத் தருகின்றன. பொய்யை நிலைநிறுத்துவதில் ஒவ்வொருவரின் மௌனத்துக்கும் பங்குண்டு என்பதை அன்டர்சன் காட்டுகின்றார். அம்மௌனத்தைப் பயிற்றுவிக்கும் நிறுவனங்களைப் பிரெக்ட் காட்டுகின்றார். மௌனத்தை உடைக்கும் வினாவின் வழியைக் கிராம்ஷி காட்டுகின்றார். ஒவ்வொன்றும் மற்றையதன் குறையை நிரப்புவது. ஊர்வலம் நிற்காமைக்கான காரணத்தை அறியச் சுறாக்களின் பாடசாலைக்குச் செல்லவேண்டும். சுறாவுக்கு இனத்தின் முகம் பொருத்தப்படுவதைத் தடுக்க எலியின் பயணத்தை மேற்கொள்ளவேண்டும். எலியின் வாக்குறுதி எளிதில் நிறைவேறாது என்பதை உணர மீண்டும் அந்த ஊர்வலத்தையே காணவேண்டும்.

சிறுவருக்குக் கருத்துநிலையை விளக்கப் புகுவோர் தம் கையிலுள்ள விளக்கமும் ஒரு கருத்துநிலையே என்பதை மறைத்துவிடின், அவர்கள் செய்வது விளக்கமாகாது. புதிய வெருளியொன்றை நாட்டுதலாகவே முடியும். பிள்ளை தான் கற்றதைக்கொண்டு கற்பித்தவரையே ஒருநாள் வினவவேண்டும். ‘நீங்கள் ஏன் இந்தக் கதையைச் சொன்னீர்கள்?’ என்று அது கேட்கும் பொழுது கோபங்கொள்ளாது விடை கூறக்கூடிய ஆசிரியரே அப்பாடத்தை நடத்தத் தகுதியுடையவர். பல தலைமுறைகளின் பிள்ளைகள் விடைகளை மாத்திரம் சுமந்து சென்ற ஒரு நாட்டில், அவ்வொரு வினாவுக்கு இடமளிக்கும் வகுப்பறையை உருவாக்குவது சிறிய பணியன்று.